வைகாசிக்குள் சரியாக வேண்டிய உடம்பு

மதுரையில் அந்தப் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் முதலில் என் வலது கையைத்தான் கேட்டார். மேஜையின் மேல் வைக்கச் சொல்லி, இடது கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். வலது கையில் நடு இரண்டு விரல்கள் கொஞ்சம் குட்டை. அவற்றுக்கு நடுவே தோல் மேலேறி ஒட்டியிருக்கும். பள்ளிக்கூடத்தில் பென்சில் பிடித்த நாளிலிருந்து ஊருக்கே தெரிந்த சங்கதி அது. நான் காட்டப் போனது விரலை அல்ல.

"விரலும் நெஞ்சும் ஒரே விஷயம்தாம்மா," என்றார். "கருவுல இருக்கும்போது அந்தப் பக்கத்துக்கு ரத்தம் சரியாப் போயிருக்காது. நெஞ்சுச் சதை உருவாகலை. அதனால அந்தப் பக்கம் மார்பும் வளரலை. இது யார் செஞ்ச தப்பும் இல்லை."

அம்மா என் பின்னால் நின்றிருந்தாள். "இவ வயித்துல இருக்கயில கெரகணத்தன்னிக்கி காய் நறுக்கிட்டேன் சார். அதுனால இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பிறந்ததிலிருந்து அந்தக் காயை அவள் நறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

செல்போன் எங்கள் ஊர்ப்பக்கம் வந்து இரண்டு மூன்று வருஷமே ஆகியிருந்த காலம் அது. எனக்கு இருபத்தாறு வயது. வெம்பக்கோட்டை அணைக்குக் கொஞ்சம் தள்ளி ஊர். அப்பா மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுவார். நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் பட்டாசுப் பெட்டி லேபிள் டிசைன் செய்துகொண்டிருந்தேன். காலையில் எங்கள் ஊர்ப் பெண்கள் பட்டாசு ஆபீஸ் வேன்களில் ஏறித் தொழிற்சாலைக்குப் போவார்கள். நான் டவுன் பஸ்ஸில் போவேன். குனிந்து ஏறும்போது துப்பட்டாவை வலது பக்கம் பிடித்துக்கொள்வது எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பழக்கம்.

வயதுக்கு வந்து ஒரு வருஷத்துக்குள்ளேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது. இடது பக்கம் எல்லோரையும்போல வளர்ந்தது. வலது பக்கம் தோளுக்குக் கீழே ஒரு பள்ளம், அதற்கும் கீழே விலா எலும்பின் மேல் வெறும் தோல், ஒரு பொட்டு மாதிரி காம்பு. அம்மா பழைய வேட்டித்துணியை மடித்துத் தைத்து உள்ளே வைத்துவிட்டாள். பிறகு பஞ்சு, அதற்கப்புறம் சிவகாசியில் வாங்கிய ஸ்பாஞ்சு. வியர்வையில் அது நனைந்து கனத்துக் கீழே இறங்கிவிடும். பிரஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாத்ரூம் போய்ச் சரிசெய்துகொண்டு வருவேன். எனக்குச் சர்க்கரை வியாதி என்று அங்கே ஒரு பேச்சு இருந்தது. நானும் அதை மறுக்கவில்லை.

டாக்டரிடம் முதல் தடவை போனது தீபாவளி சீசன் முடிந்து பிரஸ்ஸில் வேலை குறைந்த நேரத்தில். அவரிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் பக்கத்து ஆட்கள்தான், தீக்காயம் பட்டவர்கள். வெளியே காத்திருந்தபோது ஏழாயிரம்பண்ணையிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெந்து ஆறிய தோல் இழுத்துப் பிடித்து, அவளுடைய தாடை நெஞ்சை நோக்கி இறங்கியிருந்தது. நிமிர முடியாமல் கண்ணை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"ஒனக்கு எங்கனத்தா பட்டுச்சு?"

"படலைக்கா."

"பெறகு?"

அம்மா குறுக்கே புகுந்து, "கை வெரலு," என்றாள். அந்த அக்கா என் விரல்களைப் பார்த்தாள். "இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள். எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது எனக்கு.

உள்ளே டாக்டர் நிதானமாகவே பேசினார். வீட்டில் யாருக்காவது மார்பில் புற்றுநோய் வந்திருக்கிறதா என்று கேட்டார். "யாருக்கும் இல்ல சார்," என்றாள் அம்மா. நான் திரும்பி அவளைப் பார்த்தேன். "அத்தைக்கு இருக்கு சார். அப்பாவோட தங்கச்சி," என்றேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டாள்.

அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் மாமா காய்ச்சலில் போய்விட, பிள்ளை இல்லாமல் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள். ஆடுகளும் எங்கள் மானாவாரிக் காடும் அவள் பொறுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மதுரையில் அவளுடைய இடது மார்பை எடுத்து, கரண்டு என்று எங்கள் பக்கம் சொல்கிற கதிர்வீச்சு வைத்து அனுப்பியிருந்தார்கள். இப்போது நோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது. மாதத்துக்கு ஒரு தடவை அப்பா அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவார்.

டாக்டர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். பிறகு என்னென்ன வழி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"சிலிக்கான் பை மட்டும் வைக்கலாம். ஆனா உங்களுக்கு மேல மூடுறதுக்குச் சதை இல்ல. பையோட ஓரம் தோலுக்கு அடியில தட்டு மாதிரி தெரியும். தோளுக்குக் கீழ இருக்கிற பள்ளமும் அப்படியே இருக்கும். இல்லைன்னா, தொடையிலருந்தும் வயித்துலருந்தும் கொழுப்பை உறிஞ்சி எடுத்து அங்க செலுத்தலாம். அது கொஞ்சம் கொஞ்சமாச் செய்யணும். நாலஞ்சு மாசம் விட்டு விட்டு, ரெண்டு மூணு தடவை. இல்ல, ரெண்டையும் சேத்து ஒரே நேரத்துல. பையை வச்சு, ஓரத்தையும் பள்ளத்தையும் கொழுப்பால மூடுறது."

"எது சார் நல்லது?" என்றாள் அம்மா.

"அவசரம் இல்லைன்னா கொழுப்பு மட்டும், மெதுவா. ஒண்ணுமே செய்யாம இருக்கிறதும் ஒரு வழிதாம்மா. இது நோய் இல்ல. ஒரு பக்கம் நல்லா இருக்கு. பிள்ளைக்குப் பால் குடுக்க அதுவே போதும்."

"அவசரம் இருக்கு சார்," என்றாள் அம்மா.

தை மாதம் எனக்கு நிச்சயம் வைப்பதாகப் பேச்சு முடிந்திருந்தது. மாப்பிள்ளை சாத்தூர்ப் பக்கம். விருதுநகரில் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. வைகாசியில் கல்யாணம்.

டாக்டர் எந்த ஆபத்தையும் மறைக்கவில்லை. அதை இன்றைக்கும் சொல்வேன். பை ஆயுசுக்கும் தாங்காது, என்றைக்காவது மாற்ற வேண்டியிருக்கும் என்றார். உடம்பு அதைச் சுற்றிக் கெட்டியாக ஓடு கட்டி இறுக்கலாம், அப்போது கல் மாதிரி ஆகி வலிக்கும். செலுத்துகிற கொழுப்பில் ஒரு பகுதி கரைந்துவிடும். ரத்தம் கிடைக்காத பகுதி செத்துக் கட்டியாகும். அந்தக் கட்டியில் சுண்ணாம்பு படிந்தால் எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். புற்றுநோயும் சில நேரம் அதே மாதிரி தெரியும். "உங்க அத்தைக்கு இருக்கிறதால, பின்னாடி ஒவ்வொரு தடவையும் சந்தேகம் வரும். மார்புல கொழுப்பைச் செலுத்தலாமா கூடாதான்னே டாக்டர்களுக்குள்ள இன்னும் ஒரு முடிவு வரலை," என்றார். எல்லாவற்றையும்விட முக்கியமாக அவர் சொன்னது, சீழ் பிடித்தால் பையை எடுத்தே ஆகவேண்டும் என்பது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஒன்றில் வருகிற கேடு மற்றதையும் தொடும். அவர் இதை நிறையப் பேருக்குச் செய்ததில்லை என்பதையும் அவரே சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது திருமங்கலம் வரைக்கும் அம்மா டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அம்புட்டுப் பேருக்குமா சீழ் பிடிக்கும்?" என்றாள்.

அன்று சாயங்காலம் கொல்லையில் வைத்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். எந்தப் பேச்சையும் பாதியில் வெட்டாத மனிதர் அவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "மெதுவாச் செய்யறதுதான் நல்லதுன்னு டாக்டரே சொல்லுதாருல்ல. பெறகு ஏன் ரெண்டையும் ஒண்ணாப் போட்டு அமுக்கணும்? ஒரு வருசம் பொறுத்தா என்ன?" என்றார்.

"ஒரு வருசம் எப்படிப் பொறுக்கிறது?" அம்மா குரலைத் தாழ்த்தினாள். "உள்ள ஒருத்தி கெடக்கா. வீட்டுல கெட்டது நடந்தா வருசம் திரும்பாம நல்ல காரியம் வைக்க முடியாது. அவுக அது வரைக்கும் காத்துக்கிட்டா இருப்பாக? வந்த மாப்பிள்ளையை விட்டா இவளுக்கு இன்னொருத்தன் வருவானா?"

"மாப்பிள்ளைகிட்ட உள்ளதைச் சொல்லீருவோம்."

"சொன்னா நிச்சயத்துக்கே வரமாட்டாக."

கொல்லைக் கதவுக்கு உள்பக்கம் அத்தையின் கட்டில். அங்கிருந்து அவள் குரல் வந்தது. "நான் வைகாசி வரைக்கும் இருப்பேன் மதினி. பயப்படாதீக."

அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அத்தைமேல் அவளுக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆபரேஷன் முடிந்து வந்தபோது அத்தையின் புண்ணைக் கழுவித் துணி மாற்றியது அம்மாதான். இருந்தாலும் வீட்டில் ஒருத்தியின் சாவைக் கணக்குப் போட்டுக் காரியம் செய்கிற நிலை வந்துவிட்டது.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. எடுப்பதற்கு என் உடம்பில் கொழுப்பு போதாது. ஐந்தாறு கிலோவாவது ஏறி வரச் சொல்லியிருந்தார் டாக்டர். அம்மா அதை ஒரு நேர்த்திக்கடன் மாதிரி எடுத்துக்கொண்டாள். காலையில் நல்லெண்ணெய் விட்டு உளுந்தங்களி. பத்து மணிக்குச் சாப்பிட நெய் உருண்டை. இரண்டு முட்டை. மத்தியானச் சோற்றுக்கு நெய். சாயங்காலம் வேர்க்கடலை. அதே அடுப்பில் அத்தைக்குக் கஞ்சி கொதிக்கும். அதை அவளால் பாதி டம்ளருக்கு மேல் குடிக்க முடியாது. நல்லெண்ணெய் வாசனை வந்தாலே அவளுக்குக் குமட்டும். நான் தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்ச் சாப்பிடுவேன்.

ஒருநாள் அத்தை என்னைக் கூப்பிட்டாள். "எனக்கு அறுத்துப் போட்டாக. ஒனக்கு வச்சுத் தைக்கப் போறாகளாக்கும்," என்றாள். வார்த்தை கசப்பாகத்தான் வந்தது. பிறகு, "போய்ச் சாப்புடு. பயந்து பயந்து தின்னா ஒடம்புல ஒட்டாது," என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தை மாதம் நிச்சயம் நடந்தது. அதற்கப்புறம் மாப்பிள்ளை எனக்குப் போன் செய்வார். மத்தியானம் பிரஸ்ஸில் மிஷின் நிற்கும் நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து பேசுவேன். எந்த ஊருக்கு லோடு ஏறியது, எந்த டிரைவர் பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கினான் என்பதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைப்பார். நல்ல மாதிரிதான் பேசினார். அதனாலேயே என்னால் மறைக்க முடியவில்லை. பையைத் தொட்டால் தெரியுமா என்று டாக்டரிடம் கேட்டிருந்தேன். தெரியும் என்றிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் கைக்குத் தெரிவதைவிட இப்போது காதுக்குத் தெரிவது மேல் என்று நினைத்தேன். அம்மாவிடம் கேட்காமல் ஒருநாள் சொல்லிவிட்டேன்.

போனில் லாரி ஹாரன் மட்டும் கேட்டது.

"பொறந்ததுல இருந்தா?"

"ஆமாங்க."

"டாக்டர் சரி பண்ணிருவாருல்ல?"

"பண்ணலாம்ங்காரு. சில ஆபத்தும் இருக்காம்."

"எல்லா ஆபரேசன்லயும் இருக்கும். சரி பண்ணிட்டா அப்புறம் என்ன? எங்க அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். நாம பாத்துக்கிடுவோம்."

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வேண்டாம் என்று சொல்லவில்லையே. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதும் அவள் என்னைத் திட்டினாள். பிறகு கும்பிட்டுத் திருநீறு பூசிவிட்டாள். அதற்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் அவர் சொன்னதில் ஒரு வார்த்தை உறுத்த ஆரம்பித்தது. சரி பண்ணிட்டா. அப்படியானால் சரியாக்கினால்தான் கல்யாணம். ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழி என்று டாக்டர் சொன்னாரே, அந்த வழியை நானே அடைத்துவிட்டு வந்திருந்தேன்.

பிரஸ்ஸில் டிசைன் செய்துகொண்டிருக்கும்போதெல்லாம் இந்த யோசனைதான். மெதுவாகச் செய்தால் அடுத்த வைகாசி ஆகும். பை மட்டும் வைத்தால் ஓரம் தெரியும். இரண்டையும் சேர்த்தால் வைகாசிக்குள் முடியும், ஆனால் கெட்டால் எல்லாம் கெடும். அத்தையின் நோய் என் ரத்தத்திலும் இருந்தால், நாளைக்கு ஒரு நிஜக் கட்டி வரும்போது அது செத்த கொழுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளுமோ என்று பயமாக இருக்கும். அந்தப் பயம் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன். பாத்ரூமில் ஸ்பாஞ்சைத் தூக்கிச் சரிசெய்யும்போது பயம் போய்விடும். இது இல்லாமல் ஒரு நாளாவது பஸ் ஏற வேண்டும் என்று தோன்றும். எல்லாவற்றையும் யோசித்துத்தான் முடிவெடுத்தேன் என்று அப்போது நம்பினேன். ஆனால் தராசில் வைகாசி என்ற ஒரு தட்டில்தான் எல்லா எடையும் ஏறிக் கிடந்தது.

பங்குனியில் ஆபரேஷன். மதுரைக்குப் போன பஸ்ஸில் அத்தையும் வந்தாள். அவளுக்கு முதுகுக்குக் கரண்டு வைக்கிற வாரம் அது. அப்பா எங்களை டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து நிறுத்தத்தில் இறக்கிவிட்டு அவளோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். இறங்கும்போது அத்தை ஜன்னல் வழியாக என் தலையில் கை வைத்தாள்.

கண் விழித்தபோது நெஞ்சைவிடத் தொடையில்தான் வலி அதிகம். யாரோ கட்டையால் அடித்துப் போட்ட மாதிரி இரண்டு தொடையும் கறுத்துக் கன்றிப்போயிருந்தன. கட்டுத்துணியைப் பிரித்த அன்று டாக்டர் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். பள்ளம் இல்லை. விலா எலும்பு இல்லை. வீங்கி, மஞ்சளும் நீலமுமாக, ஒரு மார்பு இருந்தது. அம்மா பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

வீட்டுக்கு வந்தபின் கிட்டத்தட்ட இரண்டு வாரம் எனக்கு நன்றாக இருந்தது. அந்த நாட்களை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உள்ளே எதுவும் வைக்காமல் நைட்டி போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். மிளகாய் காயப்போட்டிருந்த களத்துக்கு நடந்து போனேன். பட்டாசு ஆபீஸ் வேன் கடந்து போகும்போது கை தானாக வலது பக்கம் ஏறியது. இழுத்துக் கீழே விட்டேன். மாப்பிள்ளை போன் செய்து, "எப்படி இருக்கீக?" என்றார். "நல்லா இருக்கேன்," என்றேன். கல்யாணச் சேலை எடுக்க எப்போது வரலாம் என்று கேட்டார்.

சித்திரை வெயில் ஆரம்பித்திருந்தது. ஒரு மத்தியானம் வீட்டில் நானும் அத்தையும் மட்டும் இருந்தோம். கரண்டு வைத்து வந்ததில் வலி கொஞ்சம் குறைந்து, அவள் தலையணையில் சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தேறியிருந்தாள்.

"காட்டுத்தா. எப்படித்தான் வச்சிருக்காகன்னு பாப்போம்," என்றாள்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கட்டிலில் உட்கார்ந்து காட்டினேன். அத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். தன்னுடைய தட்டையான பக்கத்தில் அவள் கை தானாகப் போனது. "அசலாட்டம்தான் இருக்கு," என்றாள். பிறகு புறங்கையால் லேசாகத் தொட்டாள். தொட்டதும் கையை எடுத்துவிட்டு, மறுபடி என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது என்னத்தா இம்புட்டுச் சூடா இருக்கு?"

"வெயிலுக்கு இருக்கும் அத்தை."

"வெயிலு ஒரு பக்கம் மட்டுமா அடிக்கும்? அண்ணனுக்குப் போன் போடு."

அடியில், தையல் போட்ட இடத்தில், ஒரு சிவப்பு இருந்தது. காலையில் அது இல்லை. இருந்திருந்தாலும் நான் பார்க்க விரும்பியிருக்க மாட்டேன். சாயங்காலத்துக்குள் குளிர் எடுத்தது. மறுநாள் மதுரையில் ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். டாக்டர் தினமும் வந்து பார்த்தார். பையைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்றுதான் சொன்னார். ஒரு வாரம் போராடினார். தையலின் ஓரம் பிரிந்து கலங்கிய நீர் வடிய ஆரம்பித்தது. அதில் எண்ணெய் மிதந்தது. அது நான் தின்ற நெய் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததும் வாந்தி வந்தது.

"எடுத்துத்தாம்மா ஆகணும்," என்றார் டாக்டர். "இதுக்கு மேல வச்சிருந்தா ரத்தத்துல கலந்துரும்."

அப்பா கேட்டார்: "பெறகு வைக்கலாமா சார்?"

"ஆறு மாசமாவது ஆகட்டும். அப்பவும் தோல் எப்படி இருக்குன்னு பாத்துத்தான்."

"வைகாசி?" என்று அம்மா ஆரம்பித்தாள். அப்பா அவளைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள்.

பையை எடுத்தார்கள். செத்த கொழுப்பைக் கழுவினார்கள். விலாவிலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து ஒரு டப்பாவில் வடிந்துகொண்டிருந்தது. அந்த நிலையில்தான் மாப்பிள்ளை என்னைப் பார்க்க வந்தார். ஒரு பையில் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. குழாயைப் பார்த்தார். பிறகு பார்க்காமல் இருக்க முயற்சி செய்தார்.

"மறுபடி பண்ணுவாகளா?"

"தெரியலை. பண்ணாமலும் இருக்கலாம்."

"எங்க வீட்டுல தெரிஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரியில கெடக்கான்னு யாரோ சொல்லிட்டாக. என்னத்துக்கு ஆபரேசன்னு அம்மா கேக்குது. நான் என்னத்தைச் சொல்ல?"

"உள்ளதைச் சொல்லுங்க."

அவர் தலையை ஆட்டினார். கெட்டவர் இல்லை. கண் கலங்கித்தான் இருந்தது. போகும்போது பழப் பையை என் பக்கத்தில் வைத்து, "ஒடம்பைப் பாத்துக்கிடுங்க," என்றார். அந்தக் குரலிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பத்து நாள் கழித்து அவருடைய மாமா ஒருவர் ஊருக்கு வந்து, நிச்சயத்துக்கு நாங்கள் போட்ட மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் காபிகூடக் குடிக்கவில்லை. அப்பா அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

வைகாசி வந்தது, போனது. அத்தை இருந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றியதுபோல, வேறு எதற்கோ பிடிவாதம் பிடிப்பதுபோல, ஆனியிலும் ஆடியிலும் இருந்தாள். அவசரப்பட்டிருக்கவே வேண்டியதில்லை என்று வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குக் கஞ்சி கொண்டு போகும்போது அம்மாவின் முகத்தில் அது தெரிந்தது. அத்தைக்கும் தெரிந்திருக்கிறது. ஒருநாள் அம்மா அவளைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, "நான் சீக்கிரம் போயிருந்தாலும் குத்தம், போகாததும் குத்தமாப்போச்சு மதினி," என்றாள். அம்மா ஈரத்துணியைப் பிழிந்து மறுபடி அவள் முதுகைத் துடைத்தாள். பிறகு, "நீ எங்கயும் போக வேண்டாம் தாயி. கெட," என்றாள். அதற்கு அப்புறம் அவர்களுக்குள் எந்த மனத்தாங்கலும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அத்தை ஆவணிக் கடைசியில் இறந்தாள். அப்போது தீபாவளி சீசன். பிரஸ்ஸில் மூன்று ஷிப்டு ஓடியது. பத்தாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே நான் வேலைக்குப் போனேன். புதிய ஸ்பாஞ்சு முன்னைவிடப் பெரிதாக வேண்டியிருந்தது. முன்னால் அந்த இடம் தட்டையாக இருந்தது. இப்போது கீழே ஒரு வெட்டு உள்ளிழுத்துக்கொண்டு, அதற்கு மேல் இரண்டு மூன்று கட்டிகளாக, கரையாமல் தப்பித்த கொழுப்பு தங்கியிருந்தது. தொடையில் தொட்டால் பாதி இடத்துக்கு உணர்ச்சி இல்லை. அங்கங்கே குழி.

மறு வருஷம் டாக்டர் வரச் சொல்லியிருந்தார். தோல் ஆறிவிட்டது, இனிப் பை வேண்டாம், கொழுப்பு மட்டும் மெதுவாகச் செய்து பார்க்கலாம் என்றார். முதலிலேயே அதைத்தான் செய்திருக்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. "வேண்டாம் சார்," என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அம்மா வெளியே வந்து, "ஏன் வேண்டாம்னே?" என்றாள். "முடியலைம்மா," என்றேன்.

வரன்கள் பிறகும் வந்தன. யார் வந்தாலும் முதலில் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று அப்பா முடிவெடுத்திருந்தார். தரகரிடமே சொல்லிவிடுவார். ஒன்றிரண்டு பேர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இரண்டாம் தாரமாகக் கேட்டு ஒருவர் வந்தார். அம்மாவுக்குச் சம்மதம், எனக்கு இல்லை. அப்புறம் வருவது நின்றுபோனது. எப்போது நின்றது என்று சொல்லத் தெரியவில்லை.

ஆபரேஷன் நடந்து பத்து வருஷம் ஆகப்போகிற சமயத்தில் ஒருநாள் குளிக்கும்போது கட்டிகளில் ஒன்று பெரிதாகியிருப்பது போலக் கைக்குப் பட்டது. விருதுநகரில் ஸ்கேன் எடுத்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "வீட்டுல யாருக்காவது..." என்று கேட்டாள். பழைய கதையை எல்லாம் சொன்னேன். கொழுப்பாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஊசி போட்டுச் சதை எடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். மதுரையில் எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த வாரம் வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பா காலையிலேயே காட்டுக்குப் போய்விடுவார். அத்தை படுத்திருந்த கட்டில் இன்னும் அதே இடத்தில்தான் கிடந்தது. நான் அந்தப் பக்கம் போகாமல் முன்வாசல் வழியாகவே போய் வந்தேன்.

முடிவை வாங்க நானே தனியாகப் போனேன். செத்த கொழுப்புதான், வேறு ஒன்றும் இல்லை, ஆனால் வருஷா வருஷம் வந்து பார்க்க வேண்டும் என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. படிக்கட்டில் நின்று வீட்டுக்குச் சொன்னேன். அம்மா அழ ஆரம்பித்து, போனை வைத்துவிட்டாள். அப்பாவுக்குப் போட்டேன். அவர் காட்டில் இருந்தார்.

"ஒண்ணும் இல்லையாம்ப்பா."

"சாப்டியா?" என்றார்.

"இல்லப்பா. இனிமேத்தான்."

"சாப்டுட்டு பஸ் ஏறு. உக்கார எடம் இருக்கிற வண்டியாப் பாத்து ஏறு," என்றார்.

மறு வருஷமும் போனேன். அதற்கடுத்த வருஷமும் போனேன். ஒவ்வொரு தடவையும் அந்த வெள்ளைப் புள்ளிகளைக் காட்டி இது என்ன என்று கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்வேன்.